கடைமடையில் ஒரு பட்டறை

2019 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, திருநெல்வேலி பேட்டையில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து டீக்கடையில் படித்த ஒரு செய்தியிலிருந்து இதைத் தொடங்குகிறேன். நாட்டின் போர் விமானங்களைச் செய்யும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக வங்கியில் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் ஓவர் டிராஃப்ட் எடுக்க நேர்ந்ததாக அதன் அப்போதைய தலைவர் ஆர். மாதவன் சொல்லியிருந்தார். ஏறக்குறைய 29,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் அது. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் இல்லை, வேலை இல்லாமல் நின்றதும் இல்லை. செய்து கொடுத்த வேலைக்குப் படைகளிடமிருந்து, முக்கியமாக விமானப் படையிடமிருந்து, வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை என்பதுதான் காரணம். என் பட்டறையில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பொங்கல் போனஸ் கொடுப்பதற்காகக் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். எனக்குப் பாக்கி வைத்திருந்தது அந்தப் பெரிய நிறுவனம் அல்ல. விமான உதிரிபாகங்களைச் செய்து கொடுக்கும் முதல்நிலை ஒப்பந்ததாரர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே, இரண்டாம் நிலையில் இருந்தவன் நான். அவருடைய பெயரும் ஊரும், அவர் யார் யாருக்கு வேலை செய்தார் என்பதும் இங்கே தேவையில்லை. அன்றைய செய்தி என் பாக்கியைப் பற்றியதும் அல்ல. ஆனாலும், ஆறு மாதமாகத் தனி மனிதர் ஒருவரின் குணக்கேடு என்று நினைத்து நான் புழுங்கிக்கொண்டிருந்த காரியம், உண்மையில் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குள் இறங்க நினைக்கும் தம்பிமார் இரண்டொருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் படித்துவிட்டு, பெங்களூரில் பதினோரு ஆண்டுகள் விமானப் பாகங்களைக் கடைசல் செய்யும் பட்டறைகளில் வேலை பார்த்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2012-இல் ஊருக்குத் திரும்பினேன். இரண்டு பழைய லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்து, அரிசி ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் தண்டு, புஷ், பல்சக்கரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். 2014-இல், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடையும் வி.எம்.சி. எந்திரம் ஒன்றை வாங்கினேன். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூலமாக, அந்த முதல்நிலை ஒப்பந்ததாரரிடமிருந்து சிறுசிறு அலுமினிய பிராக்கெட்டுகளுக்கான வேலை வரத் தொடங்கியது.

விமான வேலையின் இயல்பைத் தெரியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 3 கிலோ எடையுள்ள 7075 ரக அலுமினியக் கட்டை உங்களிடம் வரும். அதைக் குடைந்து குடைந்து 350 கிராம் எடையுள்ள பாகமாக்கித் திருப்பித் தர வேண்டும். மீதி முழுவதும் சீவலாகப் போகும். அந்தச் சீவலும் உங்களுடையதல்ல, எடை போட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் உருக்காலையிலிருந்தே தொடரும் எண் உண்டு. அந்த எண் முடிந்த பாகம் வரை தொலையாமல் வர வேண்டும். முதன்முதலில் செய்யும் பாகத்தை வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வரி என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். எனக்கு அதற்கு இரண்டரை மாதம் பிடித்தது, அந்த நாட்களுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். விமானத் தொழிலுக்கான ஏ.எஸ். 9100 தரச் சான்று இல்லாமல் வாசல் ஏற முடியாது. அனோடைசிங் போன்ற மேற்பூச்சு வேலைகளுக்கு அவர்கள் அங்கீகரித்த கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் பெங்களூருக்கு பஸ் பார்சலில் அனுப்பித் திரும்பப் பெறுவேன். போக்குவரத்துச் செலவு என் தலையில்.

எங்கள் ஊர் வெயிலும் இந்தக் கணக்கில் சேரும். அளவெடுப்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. மே மாத மத்தியானத்தில் என் பட்டறை 38 டிகிரி இருக்கும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும்; அளவெடுக்கும் எஃகுக் கருவி அதில் பாதிதான் நீளும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பாகத்தில் இந்த வித்தியாசம் 60 மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். என் பட்டறையில் சரியாக இருந்த பதினாறு பாகங்கள், அவர்களுடைய குளிரூட்டிய அறையில் 50 மைக்ரான் விலக்கு எல்லையைத் தாண்டிக் குறைவாக நின்றன. பதினாறும் ரிஜெக்ட். கட்டையின் விலையையும் என் பில்லில் கழித்தார்கள். கழித்தது நியாயம்தான், பிழை என்னுடையது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. அதன்பிறகு கண்ணாடித் தடுப்பு போட்டு ஏ.சி. அறை ஒன்று கட்டினேன். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அரிசி ஆலைக்குத் தண்டு கடைய ஏ.சி. அறை வேண்டியதில்லை. சான்று, அளவுக் கருவி, அறை என்று ஒவ்வொன்றாக அந்த ஒரு வேலைக்காகவே பணம் போடப் போட, நாம் அந்த வாடிக்கையாளரைவிட்டு நகர முடியாதவர்களாக ஆகிவிடுகிறோம். அப்போது அதைத் தர முன்னேற்றம் என்று பெருமையாக நினைத்தேன். முன்னேற்றமும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

சங்கிலியின் மேல் முனையில் இருப்பவருக்கும் இதே நிலைதான் என்பதுதான் நான் பிறகு புரிந்துகொண்டது. வால்சந்த் ஹிராசந்த் என்ற தனியார் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் விமான நிறுவனம், போர் நெருக்கடியில் 1942-இல் அரசின் கைக்குப் போய்விட்டது. 1964-இல் மற்றொரு அரசு நிறுவனத்தோடு இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. 2018 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்குகள் அரசிடமே இருக்கின்றன. வாங்கும் படைகளும் அரசு, பணம் ஒதுக்குவதும் அரசு, பறக்கத் தகுதியானது என்று சான்று தருவதும் அரசின் இன்னொரு பிரிவு, நிறுவனத்தின் முதலாளியும் அரசு. போர் விமானத்தைச் சந்தையில் வைத்து விற்க முடியாது. பக்கத்து நாட்டுக்குக் கொடுப்பதற்குக்கூட அரசின் அனுமதி வேண்டும். பாக்கி வராவிட்டால் இப்படிப்பட்ட நிறுவனம் யார் மேல் வழக்குப் போடும்? வங்கியில் கடன் வாங்கித்தான் சமாளிக்கும். அதற்குக் கடன் கொடுக்க வங்கி தயாராக இருக்கும், ஏனென்றால் பின்னால் நிற்பது அரசு. பேட்டை பட்டறைக்குப் பின்னால் நிற்பது மனைவியின் நகை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவில் அவ்ரோ நிறுவனம் செய்துகொண்டிருந்த ஆரோ என்ற போர் விமானத் திட்டத்தை அந்நாட்டு அரசு 1959 பிப்ரவரி 20 அன்று கைவிட்டது. அன்றைக்கே பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அமெரிக்காவில் 750 செய்யலாம் என்று தொடங்கிய எஃப்-22 விமானம் 187-ஓடு நின்றது.

இனிப் பணம் வரும் வழியைச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் நான் காலம் கடந்து கற்றேன். ஒரு விமானம் வேண்டும் என்று படை கேட்டதிலிருந்து, தேவை ஏற்பு, விலைப் பேச்சு, பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல், ஒப்பந்தக் கையெழுத்து என்று பல வாசல்கள் இருக்கின்றன. கையெழுத்தான பிறகு முன்பணம் வரும். பிறகு வேலையின் கட்டங்களுக்கு ஏற்பத் தவணைகள் வரும். பெருந்தொகை விமானத்தை ஒப்படைக்கும்போதுதான். ஒப்பந்தம் பத்து ஆண்டுகளுக்குப் போடப்பட்டிருக்கலாம், ஆனால் பணம் ஆண்டுக்கு ஆண்டு நாடாளுமன்றம் அனுமதிக்கும் ஒதுக்கீட்டிலிருந்துதான் வர வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான். ஒதுக்கிய பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். பணம் போதவில்லை என்றால் சிலருடைய பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். யாருடையதைத் தள்ளுவது என்ற கேள்வி வரும்போது, வெளிநாட்டு நிறுவனத்தின் தவணையைத் தவறவிட முடியாது. சொந்த வீட்டுப் பிள்ளையிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லலாம். இது என் ஊகம் மட்டுமல்ல, வியாபாரத்தில் இருக்கும் எவரும் தன் வீட்டிலேயே செய்வதுதான்.

2025-26 நிதியாண்டுக்குப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்பட்டது 6.81 லட்சம் கோடி ரூபாய். பத்திரிகையின் முதல் பக்கத்தில் இந்த எண்தான் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் இதில் ஓய்வூதியமே ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் போக, புதிய தளவாடங்கள் வாங்குவதற்கும் மற்ற மூலதனச் செலவுகளுக்கும் உள்ளது 1.80 லட்சம் கோடி. அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைகளுக்குப் போய்விடும். ஆகவே பிப்ரவரி முதல் தேதி நிதிநிலை அறிக்கையைக் கேட்பவர்கள் மொத்தத் தொகையைக் கேட்டு மகிழ வேண்டாம். மூலதன ஒதுக்கீடு எவ்வளவு, சென்ற ஆண்டு ஒதுக்கியதில் திருத்திய மதிப்பீடு எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். 2019, 2024 போன்ற தேர்தல் ஆண்டுகளில் பிப்ரவரியில் வருவது இடைக்கால அறிக்கைதான். முழு அறிக்கை வர ஜூலை ஆகிவிடும்.

அரசுக்கு ஒரே கஜானா என்றாலும் பைகள் இரண்டு. புது விமானத்துக்கான பணம் மூலதனப் பையிலிருந்து வரும். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் பழுதுபார்ப்பு, முழுச் சீரமைப்பு, உதிரிபாகம் ஆகியவற்றுக்கான பணம் பெரும்பாலும் வருவாய்ப் பையிலிருந்து வரும். முதல் பையில் ஒரு ஆர்டரின் தொகை பெரியது, ஆனால் பை ஒரு வருடம் நிறையும், அடுத்த வருடம் காயும். இரண்டாவது பையில் ஒரு ஆர்டரின் தொகை சிறியது, ஆனால் விமானம் பறக்கிற வரை அது வற்றாது. பத்திரிகைகளில் புது விமானத்தின் படம்தான் வரும் என்றாலும், பெங்களூர் நிறுவனத்தின் ஆண்டு வருமானத்தில் பழுதுபார்ப்புக்கும் சீரமைப்புக்கும் பெரும்பங்கு உண்டு. எங்களைப் போன்ற சிறிய பட்டறைகள் இந்த இரண்டாவது பையைத் தேடிப் போவதே நல்லது. எண்ணிக்கை குறைவு, பெயர் கிடைக்காது, படத்தில் வராது. ஆனால் நாலு பேர் கூலிக்கு அது உத்தரவாதம்.

என் அப்பாவுக்குப் பாளையங்கால்வாயின் கடைமடைப் பக்கம் ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் திறப்பார்கள். திறப்பதற்கு அரசு ஆணை வர வேண்டும். ஆணை வந்த செய்தியைக் கேட்டவுடன் மேல்மடைக்காரர்கள் உழவைத் தொடங்கிவிடுவார்கள். அப்பா தொடங்கமாட்டார். மதகில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள குளங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டு எங்கள் மடைக்கு வரப் பதினைந்து நாளும் ஆகும், வராமலும் போகும். 2018-இல் இரண்டாவது வி.எம்.சி. வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏல, தண்ணி நம்ம மடைக்கு வந்துட்டா, இல்ல அணையத் தொறந்துட்டான்னு சொன்னதோட நிக்கியா?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. விமானத் தொழிலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது, பெங்களூர் நிறுவனம் செய்யும் தேஜஸ் போர் விமானத்தின் அடுத்த பெரிய ஆர்டரைப் பற்றி. அந்த விமானம் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. 2006-இல் 20 விமானங்களுக்கும் 2010-இல் இன்னும் 20 விமானங்களுக்கும் ஆர்டர் ஆயிற்று. 83 விமானங்களுக்கான அடுத்த ஒப்பந்தம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று 2016-லிருந்தே பேச்சு. நான் நம்பியிருந்த ஒப்பந்ததாரரும் அதை நம்பித்தான் எங்களை எந்திரம் போடச் சொன்னார். எழுத்தில் அவர் கொடுத்தது "எதிர்பார்க்கப்படும் தேவை" என்ற தலைப்பில் ஒரு பக்கக் கடிதம். அதை வைத்து 34 லட்சம் ரூபாய் கடனுக்கு வங்கி ஒப்புக்கொண்டது. 2018 ஜூனில் எந்திரம் வந்து இறங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் கொடுத்த பாகங்களுக்கான பில்லுக்கு அடுத்த ஆண்டு மே மாதம்தான் முழுப் பணமும் வந்தது. 83 விமான ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 பிப்ரவரியில், ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய்க்கு. இரண்டாவது ஆர்டருக்கும் மூன்றாவது ஆர்டருக்கும் நடுவே பத்து ஆண்டுகளுக்கு மேல்! இந்த இடைவெளியைப் பெரிய நிறுவனம் மற்ற விமானங்களின் சீரமைப்பு வேலையை வைத்துக் கடக்க முடியும். மாதம் 62,000 ரூபாய் தவணை கட்டும் பட்டறை எதை வைத்துக் கடக்கும்?

ஒப்பந்தம் ஆன பிறகும் நிம்மதி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விமானத்துக்கான எஃப்-404 எஞ்சின்கள் 99 வேண்டும் என்று அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு 2021-இல் ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் எஞ்சினை அந்த நிறுவனம் ஒப்படைத்தது 2025 மார்ச்சில். எஞ்சின் இல்லாத விமானத்தை ஒப்படைக்க முடியாது, ஒப்படைக்காத விமானத்துக்குக் கடைசித் தவணை வராது. அரசு பணத்தை ஒதுக்கி வைத்திருந்தாலும், கடல் கடந்த ஒரு தொழிற்சாலையின் தாமதம் அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்திவிடும். நாசிக்கில் சுகோய்-30 விமானங்களை இணைத்துவந்த ஆலையின் கதை வேறு. ஒப்புக்கொண்ட 222 விமானங்களையும் செய்து முடித்த பிறகு அங்கே புதிதாகச் சுகோய் செய்யும் வேலை இல்லை. 2024 டிசம்பரில்தான் 12 சுகோய்களுக்கு 13,500 கோடி ரூபாயில் மறுபடியும் ஒப்பந்தம் ஆயிற்று. செய்யத் தெரிந்த கைகளை நாலு வருடம் சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். என்னிடம் ஐந்து ஆண்டு பழகி, வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில், பாகத்தை எந்திரத்தில் அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸர் எப்படிக் கட்டுவது என்று சொல்லக்கூடிய செட்டர் ஒருவன் இருந்தான். 2019 பிப்ரவரியில் மூன்றாவது முறையாகச் சம்பளம் பாதியாகக் கிடைத்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனான். பாக்கிப் பணம் பத்து மாதத்தில் வந்துவிட்டது. அவனைப் போல ஒரு ஆளைத் தயார் செய்ய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அந்தப் பத்து மாதத்தில் நான் சட்டத்தையும் கொஞ்சம் படித்தேன். சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, சிறு, குறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். பொருளைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். 2017 முதல் சமாதான் என்ற இணையதளத்தில் முறையிடவும் வழி இருக்கிறது. இவ்வளவும் படித்துவிட்டு நான் முறையிடவில்லை. முறையிட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்று எல்லோரும் சொன்னார்கள்; அது பயமோ உண்மையோ, சோதித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, மரியாதையான வார்த்தைகளில், வட்டியைக் கேட்காமல், அசலுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த மாதம் நாலில் ஒரு பங்கு வந்தது. கடிதத்தால் வந்ததா, தானாக வந்ததா தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு என் ஒவ்வொரு பில்லிலும் சிறுதொழில் பதிவு எண் (இப்போது உத்யம் எண்) அச்சாகியிருக்கும், ஒவ்வொரு டெலிவரி சலானிலும் வாங்கியவரின் முத்திரையும் தேதியும் இருக்கும். முத்திரை இல்லாத சலானை என் டிரைவர் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பது பட்டறையில் சட்டம்.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட பில்லை ட்ரெட்ஸ் என்ற தளத்தில் ஏற்றினால், வங்கிகள் போட்டி போட்டு அதை வாங்கிக்கொள்ளும். வட்டியைக் கழித்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் பணம் நம் கணக்குக்கு வந்துவிடும். பிறகு வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் அது வங்கிக்கும் அவருக்கும் உள்ள விவகாரம், நம்மைத் தேடி வராது. இதில் ஒரு நிபந்தனை என்னவென்றால், வாங்குபவர் அந்தத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பில்லை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஆகவே இன்று யாராவது விமான வேலை தருகிறேன் என்று வந்தால், விலையைப் பேசுவதற்கு முன் நான் கேட்பது, "சார், நீங்க ட்ரெட்ஸ்ல இருக்கீங்களா?" என்பதைத்தான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் சேர்த்த 43பி(எச்) பிரிவும் உதவியது. உரிய காலத்தில் சிறு, குறு நிறுவனங்களுக்குப் பணம் தராதவர்கள், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது என்று அது சொன்னது. 2024 மார்ச்சில், என் வாழ்நாளில் முதன்முறையாக, எனக்குப் பணம் தரவேண்டியவர்களே என்னைத் தொலைபேசியில் அழைத்துப் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டார்கள்.

இந்த வேலையை விட்டுவிடலாமா என்று 2019-இல் யோசித்தபோது, பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி நல்ல எண்ணத்தோடு சொன்னார்: நம் மாவட்டத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது, கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது, எதற்காகப் பெங்களூரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. ஒப்பந்தக்காரர்கள் மூலமாக இரண்டு இடத்துக்கும் சிறிது வேலை செய்தேன். நல்ல வேலை, என் ஏ.சி. அறைக்கும் சான்றுக்கும் அங்கே மதிப்பு இருந்தது. ஆனால் மூன்று வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டதாக நான் எண்ணியது தவறு. விண்வெளித் துறை வேறு, அணுசக்தி வேறு, பாதுகாப்பு வேறு என்றாலும், மடைதான் மூன்று, அணை ஒன்றே. 2020-இல் ஊரடங்கின்போது மூன்றும் ஒரே வாரத்தில் நின்றன. அன்றிலிருந்து நான் வாடிக்கையாளர்களைப் பெயரை வைத்து எண்ணுவதில்லை. அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து எண்ணுகிறேன். அரசுப் பணத்திலிருந்து வரும் வேலை, எத்தனை கை மாறி வந்தாலும், என் ஆண்டு வரவில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். மீதிக்கு ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் பராமரிப்பு வேலை, நூற்பாலைகளுக்கான உதிரிபாகங்கள், பழைய நண்பர்களான அரிசி ஆலைகள். காற்றாலைக்காரர்கள் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலத்தில் எந்திரத்தை நிறுத்த மாட்டார்கள், ஆனால் ஏதாவது உடைந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து கேட்பார்கள், கையில் காசு தருவார்கள். அரசு வேலையின் பணம் வறண்டு கிடக்கும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு அது சரியாகப் பொருந்தி வருகிறது.

மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். விமானப் பாகங்களை ஜனவரிக்குள் இன்ஸ்பெக்ஷன் முடிந்து ஏற்றுக்கொள்ளும்படி வேலையை வகுக்கிறேன், ஏனென்றால் பிப்ரவரி, மார்ச்சில்தான் மேலே பணம் புரளும். மார்ச் கடைசியில் பில் போட்டவன் அடுத்த ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். மூலப்பொருளை நானே வாங்கிச் செய்யும் ஆர்டரை எடுப்பதில்லை. லாபம் கூடுதல்தான், ஆனால் பத்து மாதம் முடங்கப் போவது அவர்கள் முதலாக இருக்கட்டும். ஏப்ரலில் என் கையில் நாலு மாதக் கூலி தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாத வருடம் பட்டறைக்குப் புது டூல்கூட வாங்குவதில்லை.

நண்பர் ஒருவர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பங்குகளை 2018-இல் 1,200 ரூபாய்ச் சொச்சத்தில் வாங்கியவர். வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். விற்காமல் வைத்திருந்ததால் இன்று பலமடங்கு ஆகிவிட்டது. "ஒன்றே முக்கால் லட்சம் கோடிக்கு மேல் ஆர்டர் வைத்திருக்கிறான், உனக்கு என்ன பயம்?" என்று 2025-இல் என்னைக் கேட்டார். அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய்க்கு வேலை செய்த நிறுவனத்துக்கு அது ஆறு ஆண்டு வேலை. பங்கு வைத்திருப்பவர் ஆறு ஆண்டு காத்திருக்கலாம், அவருக்கு அது நல்ல செய்திதான். எனக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும்.

2019 ஜனவரி 20 அன்று, அதாவது நான் அந்தச் செய்தியைப் படித்த சில நாட்களில், தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என்று ஐந்து மையங்கள். மதுரைக்குத் தெற்கே ஒன்றும் இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அந்த வழித்தடத்தில் இருப்பவர்களுக்கும் மார்ச் 31 ஒரே நாளில்தான் வருகிறது.

2025 செப்டம்பரில் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து நாள் கழித்து, எனக்கு இப்போது வேலை தரும் வேறொரு முதல்நிலை நிறுவனத்தின் மேலாளர் பேட்டைக்கு நேரில் வந்தார். ஐந்து அச்சு எந்திரம் ஒன்று போட்டால் மூன்று வருடத்துக்கு நிற்க நேரமில்லாத அளவுக்கு வேலை தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். டீ கொடுத்து உட்காரவைத்து, எந்திர விலையில் முப்பது விழுக்காடு முன்பணம், தேதியோடு கூடிய பர்சேஸ் ஆர்டர், பில்லை ட்ரெட்ஸில் ஒப்புக்கொள்வதாக எழுத்து ஆகிய மூன்றையும் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். ஐப்பசி பிறந்துவிட்டது, பிசான நடவுக்கு அப்பாவின் வயலை ஏற்று நடத்துபவர் தண்ணீர் வந்த பிறகு நாற்றங்காலைத் தொடுவதாகச் சொல்லியிருக்கிறார், மேலாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. எந்திரத்துக்கென்று அளந்து வைத்த இடத்தில் பையன்கள் பைக் நிறுத்துகிறார்கள்.